நாச்சிமுத்துவைக் கூட்டி வந்த நாள்

நாச்சிமுத்து தன் வீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு அவர் மனைவி சாந்தாமணிதான் காரணம் என்று பொன்மலர் அடுக்ககத்தில் சிலர் சொன்னார்கள், இல்லை, அந்தத் தூசி உறிஞ்சும் மெஷின்தான் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள், மெஷினை வாங்கி வந்ததே நாச்சிமுத்து என்பதால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று மிச்சம் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஒரு மனுஷன் சொந்த வீட்டுக்குள் வர முடியாமல் போவது எப்படி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி இருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் யாரும் அழைக்காமலே நாலாவது மாடிக்குப் போய் நின்றுகொள்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அப்படியொன்றும் பெரிய விஷயமாகப் படவில்லை.

நாச்சிமுத்து மோட்டார் பம்பு கம்பெனியில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தார், மாதத்தில் பாதி நாள் தர்மபுரி, ஓசூர், கரூர் என்று சுற்றிக்கொண்டிருப்பார், மீதிப் பாதியில் வீட்டில் உட்கார்ந்து எதையாவது விளக்கிச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு மீதிப் பாதியில்தான் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுக்குப் பையே கெடையாது, உறிஞ்சுன தூசி இந்தக் கண்ணாடிக் கப்புக்குள்ள சூறாவளியாட்டம் சுத்திச் சுத்தி விழும், நாம கண்ணுலயே பாத்துக்கலாம் என்று சாந்தாமணிக்கு விளக்கினார், முதல் நாள் மட்டும் தானே ஓட்டினார், கப்புக்குள் தூசி சுழல்வதைக் கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார், அதற்குப் பிறகு அதன் பக்கமே போகவில்லை. ஓட்டுவதும் சாந்தாமணி, ஓட்டி முடித்ததும் கப்பைக் கழற்றி, பொத்தானை அமுக்கி, அடிமூடி திறந்ததும் பழைய பேப்பரில் தூசியைக் கொட்டுவதும் சாந்தாமணி, உள்ளே இருக்கும் சல்லடையைத் தட்டுவதும், வாரம் ஒருமுறை ஸ்பாஞ்சு ஃபில்டரைக் குழாயில் காட்டி அழுக்குத் தண்ணீர் நிற்கும்வரை பிழிந்து பால்கனி நிழலில் காயப்போடுவதும், உருளும் பிரஷ்ஷில் சிக்கிய தலைமுடியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுப்பதும் சாந்தாமணி. இதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கழுவித் துடைத்த கப்பு பளிச்சென்று இருப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஊருக்குப் புறப்பட்ட ஆள் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று தகவல் வரும்வரை சீமாற்றைத் தொட மாட்டாள், வீடு குப்பையாகக் கிடந்தாலும் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவாள், ஏனென்றால் கூட்டினால் போனவர் திரும்ப மாட்டார். ஆனால் மெஷின் வந்த புதிதில், விளக்கு வைத்த பிறகு ஒரு நாள் ராகி மாவு சிந்திவிட, இந்த நேரத்தில் ஓட்டலாமா வேண்டாமா என்று அவள் தயங்கி நின்றபோது நாச்சிமுத்துவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

“இது சீமாறு இல்ல புள்ள, மெஷினு. சாத்திரம் பண்ணுன காலத்துல கரண்டே கெடையாது. தாராளமா ஓட்டு.”

அவர் வீட்டுக்கு வர முடியாமல் போன அந்த நாளில் பக்கத்து மனையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், பாறையைக் குடைந்த பொடி தெருவெல்லாம் முகப்பவுடர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. தர்மபுரிக்குக் கிளம்பிய நாச்சிமுத்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் சார்ஜரை மறந்தது ஞாபகம் வந்து, மூன்று மாடி ஏறி ஓடி வந்து, ஷூவைக் கழற்றாமல் ஹாலைத் தாண்டிப் படுக்கையறைவரை போய் அதை எடுத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போனார். சாந்தாமணி அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். கறுப்புக் கிரானைட்டில் ஷூ அடையாளம் ஒவ்வொன்றும் அச்சுக் குத்தினாற்போல வெள்ளையாக இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆட்டோ தெருமுனையில் திரும்பும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே பிளக்கைச் செருகி, படுக்கையறையில் ஆரம்பித்து, ஹால், நிலைப்படி, வராண்டா, படிக்கட்டின் முதல் படி என்று அவர் வைத்த ஒவ்வொரு அடியையும் உறிஞ்சி எடுத்தாள். துணி துவைத்து, குளித்துவிட்டு வந்து கப்பைக் கொட்டலாம் என்று மெஷினை ஹால் மூலையில் நிறுத்திவிட்டுப் போனவள், தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது போன் அடித்தது.

“சாந்தா, தர்மபுரி போற காரியம் ரத்தாயிருச்சு, பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பிட்டேன்,” என்றார் நாச்சிமுத்து. “ஆனா ரொம்ப நேரமாப் படி ஏறிட்டே இருக்கறேன், வீடு வர மாட்டேங்குது.”

“எத்தனாவது மாடில இருக்கறீங்க மாமா?”

“ரெண்டைத் தாண்டித் திரும்பறேன். திரும்புனா கீழ கேட்டு வாசல்ல நிக்கறேன்.”

“லிப்ட்டுல வாங்க.”

“அதுலயும் வந்து பாத்தாச்சு. கதவு தெறந்தா வாட்ச்மேன் மூஞ்சிதான் தெரியுது.”

அவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கேட்டில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார், மறுபடியும் உள்ளே நுழைந்து படிக்கட்டுப் பக்கம் போனார். அவள் திரும்பிய நேரத்தில், பிளக் பிடுங்கிக் கிடந்த மெஷினுக்குள் அந்த வெள்ளைப் பொடி தானாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் திரும்பக் கேட்டில் வந்து நின்றதும் அடங்கிப் படிந்தது, அவர் ஏற ஏறச் சுற்றுவதும் வெளியே போனதும் படிவதுமாக இருந்தது. சாந்தாமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடத்துக்கே புரிந்துவிட்டது. நாலு ஆண்கள் நாச்சிமுத்துவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வந்தார்கள், வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது, அவர் கீழே நின்று சார்ஜருக்கு பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துப் பால் காய்ச்சிப் பார்த்தார்கள், பால் பொங்குகிறவரை கூடவே நின்றவர், பொங்கி வழிந்ததும் தெருவில் நின்றார், ஏனென்றால் பால் பொங்கிவிட்டால் அது அவர் வீடாகிவிடுகிறது. சீமாற்றால் கூட்டியிருந்தால் குப்பை வெளியே போயிருக்கும், ஆளும் ஒரேயடியாகப் போயிருப்பார், மெஷின் எதையும் வெளியே விடாமல் கப்பிலேயே வைத்திருப்பதால்தான் கேட் வரைக்குமாவது வந்து போகிறார், கப்பைக் கொட்டினால் அவ்வளவுதான் என்று எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். ஆகவே சாந்தாமணி கப்பைக் கொட்டவில்லை. கொட்டாத மெஷினை ஓட்ட முடியாது, இன்னும் வந்து சேராத ஆளின் வீட்டைக் கூட்டவும் கூடாது, அதனால் அந்த வீட்டில் தூசி ஒரு விரல் கனத்துக்கு ஏறியது.

நாச்சிமுத்துவுக்கு வாட்ச்மேன் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காருவார், அங்கிருந்தபடியே போனில் ஆர்டர் பிடிப்பார், கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பார்சல் வாங்கி வைப்பார், கேஸ் சிலிண்டர் வந்தால் எந்த வீட்டுக்கு என்று சொல்லுவார், போகிற வருகிற எல்லோருக்கும் எதையாவது விளக்குவார். மற்ற வீடுகளில் மெஷின் வைத்திருந்தவர்கள் ஆள் கிளம்பினால் அதைப் பூட்டியே வைத்தார்கள். முதல் மாடி ஜெயசீலி மட்டும், தன் நாத்தனார் விடுமுறைக்கு வந்து தங்கிவிட்டுக் கிளம்பும் நாளில் சாந்தாமணியிடம் வந்து, “அக்கா, உங்க மெஷினை ஒரு அரை மணி நேரம் தர்றீங்களா?” என்று பணிவாகக் கேட்டாள், அது வேற வேலைல இருக்குதுங்க என்று சொன்னதும் முகம் வாடிப் போனாள்.

உள்ளதைச் சொன்னால் முதல் சில வாரங்கள் சாந்தாமணிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. டிவி ரிமோட் வைத்த இடத்தில் இருந்தது, ரசத்தில் பெருங்காயம் ஏன் கடைசியில் போட வேண்டும் என்று ஒருவரும் விளக்கவில்லை. ஆனால் பொழுதானால் தூக்குப்போசியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு இறங்கிப் போவாள், அவர் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாள், அப்படி ஒரு பொழுதில் அவர் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து, “நீ சாப்புட்டயா?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டிராத கேள்வி அது. அன்றிலிருந்து தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனாள், மேலே வந்து படுத்தால் பக்கத்தில் ஆள் இல்லாதது உறுத்தியது, இந்த மனுஷன் வீட்டுக்கு வந்தால் தேவலை என்று வெளிப்படையாகவே ஏங்கினாள்.

இப்படியே ஓட்டியிருக்கலாம், ஆனால் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் ரங்கமன்னார், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து குடியேறிய பென்ஷன்காரர், எதையும் ரிப்பேர் பார்க்காமல் விடாதவர், தன் செலவில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார். அந்தப் பையன் மெஷினைப் பார்த்தான், கப்பை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்தான், எத்தனை மாசமாம்மா கழுவல, இப்படி விட்டா மோட்டார் சூடாயி எரிஞ்சுபோயிரும் என்றான், சாந்தாமணி வேண்டாங்க வேண்டாங்க என்று ஓடி வருவதற்குள் தொழில் பழக்கத்தில் ஃபில்டரை உருவிப் பால்கனிக் கம்பியில் நாலு தட்டுத் தட்டிவிட்டான். வெள்ளைப் பொடி ஒரு பிடி காற்றில் பறந்தது. கீழே கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து அடுத்த நொடி ரோட்டுக்கு எதிர்ப்புறம் பேக்கரி வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்தார், டீ சிந்தவில்லை.

அதற்குப் பிறகு அவரால் கேட்டைத் தாண்ட முடியவில்லை. பேக்கரிக்காரர் உள்ளே ஒரு மேஜையை அவருக்கென்று ஒதுக்கினார். பையன் கழற்றி மாட்டியதில் கப்பின் ரப்பர் வளையமும் விரிந்துபோயிருந்தது, அந்த மாடலுக்கு இனி வளையம் வராது என்று சொல்லிவிட்டார்கள், சாந்தாமணி செல்லோ டேப்பைச் சுற்றினாள், அதற்கு மேல் பாலித்தீன் கவரைக் கட்டினாள், எது செய்தும் காலையில் பார்த்தால் மெஷினுக்கு அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை உதிர்ந்திருக்கும், நாச்சிமுத்துவும் ஒரு சிட்டிகை தள்ளிப் போயிருப்பார். மேஜையிலிருந்து பேக்கரித் திண்டுக்கு, திண்டிலிருந்து புளியமரத்துக்கு, மரத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு. இன்னைக்கு எங்க இருக்காரு என்று வெயில் எப்படி என்று கேட்பதுபோல் கட்டடத்தில் விசாரித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாப்புக்கு அப்பால் மெயின் ரோடு, மெயின் ரோட்டுக்கு அப்பால் எத்தனையோ ஊர். சாந்தாமணி பயந்து போனாள்.

ரங்கமன்னார் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்.

“மெக்கானிக்கை அழைச்சது நான்தான், எனக்கு வருத்தமாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கப்படாது. நாச்சிமுத்து சார் இப்போ நம்ம காம்பவுண்டுக்குள்ளேயே இல்லை. சங்கத்தோட பொறுப்பு சுவரோட சரி. அவரைக் கூட்டிண்டு வர்றது இனிமே உங்க கையிலதான் இருக்கும்மா.”

அவர் ஊரில் வீட்டைப் பெருக்குவார்கள். சாந்தாமணியின் ஊரில் கூட்டுவார்கள். அவர் சொன்னது ஒன்று, அவள் காதில் விழுந்தது வேறொன்று.

“என்னங்க சொன்னீங்க?” என்றாள்.

“கூட்டிண்டு வாங்கோன்னேன்.”

“கூட்டித்தானுங்களே வரோணும்,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து மேலே போனாள். ரங்கமன்னார் அடுத்த விஷயமாகத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, ஹாலின் நடுவில் பழைய வேட்டியை விரித்து, மெஷினை அதன்மேல் வைத்து, வாழ்நாளில் செய்யாத சுத்தத்தோடு அதைச் சுத்தம் செய்தாள். டேப்பைப் பிரித்து அதில் ஒட்டியிருந்ததை வழித்தெடுத்தாள், கப்பைக் கழற்றிச் சல்லடையைத் தட்டினாள், ஃபில்டரைக் கழுவினால் தண்ணீரோடு போய்விடும் என்று பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துளை துளையாகத் தேய்த்து உதிர்த்தாள், குழாயைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள், உருளும் பிரஷ்ஷில் சுற்றியிருந்த தன் நீள முடிகளை நறுக்கி அவற்றில் சிக்கியிருந்த பொடியையும் விரலால் நீவி எடுத்தாள், மெஷின் நின்ற இடத்திலும் பால்கனித் தரையிலும் உதிர்ந்து கிடந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தாள். எல்லாவற்றையும் கப்பில் போட்டு, அதை இடுப்பில் அணைத்து அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு கையில் சீமாற்றோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

“எங்க புள்ள சீமாத்தைத் தூக்கிட்டு வர்றே?” என்றார் நாச்சிமுத்து.

“உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க. நவுருங்க கொஞ்சம்.”

அவள் பொத்தானை அமுக்கினாள். அடிமூடி திறந்து பொடி அவர் காலடியில் கொட்டியது. அவள் கண்ணெதிரே அவர் மங்கலானார், எதிர்ப்புறச் சுவரில் எழுதியிருந்த விளம்பரம் அவர் சட்டைக்குள்ளே தெரிந்தது, அவள் அதைப் பார்க்காமல் குனிந்து வீட்டுப் பக்கமாகக் கூட்ட ஆரம்பித்தாள். குப்பை ஒரு சாண் நகர்ந்தது, அவர் ஒரு சாண் நடந்தார், கொஞ்சம் தெளிந்தார்.

உலகத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வாசலுக்குக் கூட்டுவார்கள், சாந்தாமணி ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கூட்டினாள். புளியமரத்தைக் கடந்து, பேக்கரி வாசலைக் கடந்து, ரோட்டைக் குறுக்கே கூட்டியபோது உக்கடம் போகிற டவுன் பஸ் ஒன்று நின்று காத்திருந்தது, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, இருந்தும் ஒரு சிட்டிகை அந்த பஸ்ஸின் டயரோடு போய்விட்டது, அதனால்தான் நாச்சிமுத்து இன்றைக்கும் பேச்சுக்கு நடுவில் காரணமில்லாமல் உக்கடம் வந்துருச்சா என்று கேட்கிறார். பொன்மலர்க்காரர்கள் மின்விசிறிகளை நிறுத்தினார்கள், ஜன்னல்களைச் சாத்தினார்கள், குழந்தைகளைத் தும்ம வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். கேட்டைத் தாண்டினாள். படிக்கட்டு வந்தது.

படியில் மேல்நோக்கிக் கூட்டுவது யாரும் செய்து பார்த்த வேலையல்ல. ஒரு படிக்கு ஏற்றினால் பாதி கீழே சரிந்தது, சரிந்ததை மறுபடியும் ஏற்றினாள், அவர் அவளுக்குப் பின்னால் ஏறியும் இறங்கியும் வந்தார். முதல் மாடியில் ஜெயசீலி மனசு கேட்காமல் தன் வீட்டு விளக்குமாற்றோடு வந்து ஓரமாகக் கிடந்ததை இரண்டு இழுப்பு இழுத்தாள், உடனே நாச்சிமுத்து விறுவிறுவென்று நடந்து ஜெயசீலி வீட்டு நிலைப்படியில் ஒரு காலை வைத்தார். “ஐயையோ, அண்ணா, இது எங்க வீடு,” என்று அவள் கும்பிட்டுவிட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டாள், அதற்கப்புறம் ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சாந்தாமணியின் முட்டி மடங்கிக்கொண்டது. எழப் பார்த்தாள், முடியவில்லை. மொட்டை மாடிக் கதவை யாரோ சாத்தாமல் விட்டிருந்தார்கள் போலிருக்கிறது, மேலிருந்து காற்று இறங்கியது, பொடி விளிம்பில் லேசாக அசைந்தது, நாச்சிமுத்துவின் காதும் தோளும் மறுபடியும் மங்கின. அவள் முந்தானையை விரித்துப் பொடியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவ்வளவு தூரம் வந்து இங்கே போய்விடுவாரே என்று முந்தானை ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

“மாமா, என்னால இனி ஆகாதுங்க. நீங்கதான் கூட்டோணும்.”

“நானா?”

“வேற யாரு கூட்டுனாலும் அவிய வீட்டுக்குத்தான் போவீங்க.”

நாச்சிமுத்து சீமாற்றை வாங்கினார். அதைக் கையில் பிடிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை, பிடித்த பிடியிலேயே தெரிந்தது, வேலி அடைக்கக் குச்சி பிடித்தவர்போல் நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தார். ஒரு தள்ளுத் தள்ளினார், பொடி மூன்று படி கீழே போனது, அவரும் போனார்.

“தள்ளாதீங்க. குனிஞ்சு, சாச்சுப் புடிச்சு, மெதுவா.”

“இப்புடியா?”

“இன்னுங் கொஞ்சம் குனியுங்க.”

அவர் குனிந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்து, உள்ளே நடு ஹாலில், தூசி படிந்த தரையிலேயே உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. படிக்கட்டில் சீமாற்றுச் சத்தம் கேட்டது, நின்றது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. விளக்கம் எதுவும் கேட்கவில்லை. வராண்டாவில் கேட்டது, நிலைப்படியில் தயங்கியது, பிறகு உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றது. அந்த வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்திருக்க இன்னொருவர் கூட்டுகிற சத்தத்தைக் கேட்டதே இல்லை. முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள்.

“ஏன் புள்ள அழுகறே? அதான் வந்துட்டனே,” என்றார் நாச்சிமுத்து. முழுசாக, தலையெல்லாம் பொடியாக, வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

“நெலவுப்படிகிட்ட இன்னும் கொஞ்சம் கெடக்குது பாருங்க. அதையுங் கூட்டிட்டு வாங்க.”

அவர் திரும்பிப் போய்க் குனிந்து அதையும் கூட்டினார்.